தெல்மாவின் கதவு

எவாரிஸ்தோவை மேசையிலிருந்து வெளியே தள்ளியது தெல்மாவின் சொந்தச் சமையலறைக் கதவு.

அவள் தன் காதாலேயே கேட்டாள். படார் என்ற அறை, அதற்குப் பின்னால் தாழ்ப்பாள் ஒருமுறை துள்ளி அடங்கும் சின்னச் சத்தம். பரானா நகரில் அவள் சமையலறையின் அந்தப் பின்கதவுத் தாழ்ப்பாள் இன்றும் அப்படித்தான் துள்ளும். பல வருடங்களுக்கு முன் அவளே அந்தக் கதவை ஓங்கி அறைந்து, ஒரு சீட்டாட்ட நிரலுக்காகப் பதிவு செய்து கொடுத்தாள். தோற்கப் போகிறோம் என்று தெரிந்ததும் இணைப்பைத் துண்டித்துக்கொண்டு ஓடுகிற அற்பர்களுக்காகக் கொடுத்தது அது. பக்கவாதத்திலிருந்து பிழைத்து வந்த மனிதனைத் துரத்துவதற்கு அல்ல.

"கிழவன் எங்கே?" என்று ஹெட்போனில் கேட்டாள் மிர்தா.

"தள்ளிடுச்சு," என்றாள் தெல்மா.

"யாரு தள்ளினா?"

"யாரு தள்ளுவா? ப்ரோக்ராம்தான். மூணு தடவை சீட்டு போட லேட்டாயிடுச்சாம்."

"லேட்டா? அவனுக்குக் கையே வரலை, லேட்டாகாம என்ன பண்ணும்?"

இந்த மேசையில் உட்காரும் நால்வருக்கும் கண் தெரியாது. மேசை என்று ஒன்றும் கிடையாது. தெல்மா பரானாவில் இருக்கிறாள், அவளுடைய கூட்டாளி எவாரிஸ்தோ ரெசிஸ்தென்சியாவில். எதிர்ப்பக்கம் ஆடும் மிர்தா துகுமானில், அவளுடைய கூட்டாளி குண்டன் ஒராசியோ மெந்தோசாவில். நாலு ஊர், நாலு கணினி, நாலு ஹெட்போன், ஒரு நிரல். மதியச் சாப்பாடு முடிந்து ஊர் படுத்துக் கிடக்கும் நேரத்தில், பக்கத்தில் குழலால் உறிஞ்சிக் குடிக்கும் மாத்தேத் தேநீரும் சுடுநீர்க் கெட்டிலும் வைத்துக்கொண்டு ட்ரூகோ என்ற சீட்டாட்டம் ஆடுவார்கள்.

ட்ரூகோவில் சீட்டு பாதி, வாய் பாதி. கையில் ஒன்றுமில்லாதவன் "ட்ரூகோ" என்று சவால் விட்டு, நல்ல சீட்டு வைத்திருப்பவனைப் பயமுறுத்தி ஓடவிடலாம். ஓடியவன் அந்தச் சுற்றில் தோற்றான். கூட்டாளிகள் இருவரும் எதிராளிக்குத் தெரியாமல் முகத்தால் சாடை காட்டிக்கொள்வதும் ஆட்டத்தின் ஒரு பகுதி. புருவம் தூக்கினால் வாள் ஏஸ், ஆட்டத்திலேயே பெரிய சீட்டு; கண்ணடித்தால் தடி ஏஸ், அதற்கு அடுத்தது. பார்வையுள்ளவர்களுக்கு அது சரி. முகம் தெரியாதவர்கள் என்ன செய்வது? அதற்கு வழி கண்டுபிடித்தவள் தெல்மா.

அவளுடைய பார்வை இருபத்தைந்து வயதுக்குள் போய்விட்டது. விழித்திரை நோய். மாகாண மருத்துவமனையின் தொலைபேசி இணைப்பகத்தில் வேலைக்குச் சேர்ந்து, ஓய்வு பெறும் வரை அங்கேயே இருந்தாள். எந்த டாக்டர் குடித்திருக்கிறார், எந்த நர்ஸ் அழுதுகொண்டிருக்கிறாள், எந்த உறவினரிடம் சாவுச் செய்தியை இன்னும் சொல்லவில்லை என்பதெல்லாம் "ஹலோ" என்ற ஒரு சொல்லிலேயே அவளுக்குத் தெரியும். நடுவில் ஒருவனைக் கல்யாணம் செய்துகொண்டாள், சரிப்படவில்லை, அனுப்பிவிட்டாள். பேசும் கணினி கைக்கு வந்தபோது ஐம்பதைத் தாண்டியிருந்தாள். கண்தெரியாதவர்கள் நடத்தும் மின்னஞ்சல் குழு ஒன்றில் சேர்ந்து, அவர்கள் எழுதும் நிரல்களை வாங்கி, வரிவரியாகக் கேட்டு, எங்கே என்ன நடக்கிறது என்று தானாகவே புரிந்துகொண்டாள்.

கோர்தோபாவில் இருந்த ஃபாகுந்தோ என்ற பையன் அந்தக் குழுவுக்குத்தான் முதல் ட்ரூகோ நிரலை அனுப்பினான். பிறவியிலேயே பார்வை இல்லாதவன். குச்சி மாதிரி இருப்பானாம், எல்லோருக்கும் அவன் 'ஒல்லி'. நிரலோடு அதன் மூலநிரலையும், அதாவது சோர்ஸையும், சேர்த்தே அனுப்பினான். "மாத்தே மாதிரி சுத்தி வரட்டும். குடிச்சுட்டு அடுத்த ஆளுக்குக் கொடுங்க" என்று மேலே எழுதியிருந்தான். கொடுத்தார்கள். ஒருவர் சீட்டுக் கலைப்பதைச் சரிசெய்தார், இன்னொருவர் புள்ளிக் கணக்கை. சாடை வேலையைத் தெல்மா எடுத்துக்கொண்டாள்.

சாடையை அவள் ஒலியாக்கினாள். மாத்தேயின் அடியை உறிஞ்சும் சத்தம் கேட்டால் வாள் ஏஸ். நாற்காலி கிறீச்சிட்டால் தடி ஏஸ். இருமல் வந்தால் வாள் ஏழு. இதில் ஒரு குறும்பும் வைத்தாள். எதிராளி பேசிக்கொண்டிருந்தால் சாடை அவர் காதில் விழாது, வாயை மூடியிருந்தால் மெலிதாக விழும். எல்லோரும் நாள் முழுக்கச் சிரித்தார்கள். மிர்தா மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு வாயை மூடத் தெரியாது என்பதால் இன்றுவரை ஒரு சாடையையும் பிடித்ததில்லை.

ஒலிகளை எல்லோரும் தங்கள் வீட்டிலேயே பதிவு செய்து அனுப்பினார்கள். ஒவ்வொருவரும் ஆடும்போது அவரவர் இருமல், அவரவர் நாற்காலி. மிர்தாவின் நாற்காலி கிறீச்சிட்டால் அது மிர்தா என்று சிலி நாட்டிலிருந்து ஆடுபவருக்கும் தெரியும். கதவு மட்டும் எல்லா மேசைக்கும் பொது. அது தெல்மாவின் கதவு.

பிறகு கெட்ட காலம் வந்தது. வேறொரு நாட்டில் எவனோ ஒருவன் நிரலை எடுத்து, பெயரை மாற்றி, தானே எழுதியதாகச் சொல்லி விற்க ஆரம்பித்தான். ஃபாகுந்தோவின் பெயரை ஒரு மூலையில்கூட விட்டுவைக்கவில்லை. ஃபாகுந்தோ கொதித்தான், அது நியாயமான கொதிப்பு. தெல்மாவும் அவனுக்காக ஊரைக் கூட்டித் திட்டினாள். திருடன் அசையவில்லை. அதற்குப் பிறகு ஃபாகுந்தோ மூலநிரலைத் தருவதை நிறுத்தினான். "கொஞ்ச நாளைக்குத்தான்" என்றான். அந்தக் கொஞ்ச நாள் வருடங்களாகியும் முடியவில்லை. யாருக்கும் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. ஏதாவது பழுதானால் அவனுக்கு எழுத வேண்டும். அவனுக்குத் தோன்றினால் பார்ப்பான்.

அப்படி அவனுக்குத் தோன்றிய ஒன்றுதான் பத்து நொடி விதி. பத்து நொடிக்குள் சீட்டு போடாவிட்டால் நிரலே உங்கள் கையிலிருக்கும் மட்டமான சீட்டைப் போட்டுவிடும். மூன்றுமுறை அப்படி ஆனால் கதவு. முன்பெல்லாம் இப்படி ஒன்று வந்திருந்தால், யாராவது மூலநிரலில் ஒரு வரியை மாற்றித் தங்கள் மேசைக்காரர்களுக்கு அனுப்பியிருப்பார்கள், கதை அன்றைக்கே முடிந்திருக்கும்.

எவாரிஸ்தோ பேருந்து நிலையத்தில் சிகரெட்டும் மிட்டாயும் விற்றவர். நாணயத்தைத் தடவிப் பார்க்கும் வேகத்தில் பதிலும் சொல்லுவார், வாய்த் துடுக்கில் மிர்தாவையே அடக்கியவர். பக்கவாதம் அவருடைய வலதுகையையும் பேச்சையும் எடுத்துக்கொண்டது. புத்தி அப்படியே இருந்தது. எந்தச் சீட்டு போட வேண்டும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் இடதுகை பொத்தானைத் தேடிப் போய்ச் சேர நேரமாகும். சொல் நாக்குவரை வந்து திரும்பிப் போகும், மறுபடி வரும். இப்படிப்பட்டவரிடம் ஒன்று கேட்டால், வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். காத்திருக்க முடியாதவர்கள்தான் 'அவருக்கு ஒன்றும் புரியவில்லை, பாவம்' என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

கதவு அறைந்த சிறிது நேரத்தில் ரெசிஸ்தென்சியாவிலிருந்து தொலைபேசி வந்தது. எவாரிஸ்தோவின் தங்கை சுலேமா. அவரைக் குளிப்பாட்டி, ஊட்டி, புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் அவள்தான்.

"தெல்மா, ஹெட்போனைக் கழட்டி எறிஞ்சுட்டார். சூப்பையும் தள்ளிவிட்டுட்டார்."

"கோபமா இருந்தா நல்லதுதான்."

"கோபம் இல்லடி. சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டார். இனிமே அதைப் போடவே வேண்டாம்னு கையைக் காட்டறார். பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிட்டுப் போனா அந்தப் பொண்ணு முன்னாடி வாயையே திறக்க மாட்டேங்கறார். உங்க மேசையில மட்டும்தான் 'ட்ரூகோ'ன்னு ஒரு வார்த்தை வருது. அதுவும் போச்சுன்னா நான் என்ன பண்ணட்டும்?"

"படுக்கட்டும். நாளைக்குச் சூப் கொடு. மீதியை நான் பார்த்துக்கறேன்."

உடனே ஃபாகுந்தோவைக் கூப்பிட்டாள்.

"ஒல்லி, தெல்மா பேசறேன்."

"தெரியுது கிழவி, மூச்சு விடறதுலயே தெரியுது. யாரைத் திட்டப் போறே?"

"அந்தப் பத்து நொடியைத் தூக்கு."

"முடியாது. ஜனங்களே கேட்டாங்க. ஒருத்தன் தண்ணி சுட வெக்கப் போயிட்டா மத்த மூணு பேரும் வாயைப் பார்த்துட்டு உக்காந்திருக்கணுமா?"

"அப்போ மேசைக்கு மேசை மாத்தற மாதிரி வை. ஒரு சின்ன வேலை. நானே எழுதித் தர்றேன்."

"அதுக்கு உனக்கு சோர்ஸ் தரணும். உனக்குத் தந்தா எல்லாரும் கேப்பாங்க."

"கேட்டா கொடேன். முன்னாடி கொடுத்துட்டுத்தானே இருந்தே?"

"கொடுத்து என்னத்தைக் கண்டேன்? எவனோ தூக்கிட்டுப் போய்த் தன் பேரைப் போட்டுக்கிட்டான். அப்போ நீங்கல்லாம் என்ன பண்ணினீங்க? திட்டினீங்க. திட்டிட்டு ஆட உக்காந்துட்டீங்க."

அது உண்மைதான்.

"திருடினவன் அவன்டா. வெளியே தள்ளறது எவாரிஸ்தோவையா?"

ஃபாகுந்தோ கொஞ்சம் இறங்கினான். "சரி, ஒண்ணு பண்ணு. அவர் டாக்டர் சர்டிஃபிகேட் அனுப்பட்டும். நான் பார்த்துட்டு, அவர் பேருக்கு மட்டும் நேரம் கூட்டி விடறேன்."

தெல்மாவுக்குக் காது சுட்டது. பேருந்தில் ஏறச் சான்றிதழ், உதவித்தொகைக்குச் சான்றிதழ். சில வருடங்களுக்கு ஒருமுறை வரிசையில் நின்று, தங்களுக்கு இன்னும் கண் தெரியவில்லை என்று ஒரு குமாஸ்தாவிடம் நிரூபித்து வந்தவர்கள் இவர்கள். ஃபாகுந்தோவும் அதே வரிசையில் நின்றவன்தான். நின்றுவிட்டு வந்து, இப்போது ஒரு சீட்டாட்டத்தின் வாசலில் தானே ஒரு குமாஸ்தா மேசையைப் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"நீ இப்போ என்ன சொன்னேன்னு உன் காதுல விழுந்துச்சா?" என்றாள்.

"இதுல என்ன தப்பு? என் ப்ரோக்ராம், நான் வெச்சதுதான் சட்டம்."

"உன் ப்ரோக்ராமா? சரி. அதுல இருமறது யாரு?"

"என்னது?"

"அந்த இருமல் ஒராசியோவோடது. நாற்காலி மிர்தாவோடது. மாத்தே உறியற சத்தம் எவாரிஸ்தோவோடது. நீ வெளிய தள்ளினியே, அவரோடதுதான். கதவு என்னோடது. என் கதவை எனக்குத் திருப்பிக் கொடு."

"பைத்தியமா உனக்கு? கதவையெல்லாம் யாராவது திருப்பிக் கேப்பாங்களா?"

"நான் கேக்கறேன். என் வீட்டுக் கதவு எவாரிஸ்தோ முகத்துல அறையறதை நான் ஒத்துக்க மாட்டேன்."

"எடுத்துட்டுப் போ! உன் கதவை நீயே கட்டிட்டு அழு!" என்று துண்டித்தான்.

தெல்மா குழுவுக்குச் சுருக்கமாக எழுதினாள். என்ன நடந்தது, அவன் என்ன கேட்டான், நான் என் கதவைத் திரும்பக் கேட்டேன். அவ்வளவுதான். யாரையும் கூப்பிடவில்லை.

ஆனால் சான்றிதழ் என்ற சொல் அந்தக் குழுவில் போய் விழுந்த இடத்தில் தீப்பிடித்துக்கொண்டது. முதலில் மிர்தா குரல் செய்தி அனுப்பினாள். "ஒல்லி, என் நாற்காலியைக் கொடுத்துடு. நான் உக்காந்து தேய்ச்ச நாற்காலி, அது கிறீச்சிடறதுக்கு என் உடம்புதான் காரணம், உன் மூளை இல்லை." ஒராசியோ தன் இருமலைக் கேட்டான். "சிகரெட்டை விட்டுட்டேன், அந்த மாதிரி இனிமே எனக்கே வராது, ஜாக்கிரதையாக் கழட்டு" என்றும் சேர்த்துக்கொண்டான். சால்தாவிலிருந்து ஒரு மனிதர் தன் நாயின் குரைப்பைக் கேட்டார், நாய் செத்து வெகுகாலம் ஆகியிருந்தது. மொன்தெவிதேயோவில் ஒருத்தி, தான் ஒன்றுமே கொடுக்கவில்லை, இருந்தாலும் கோபம் வருகிறது, எதைத் திருப்பிக் கேட்கலாம் என்று விசாரித்தாள்.

ஃபாகுந்தோ அப்போதாவது ஒரு வார்த்தை இறங்கி வந்திருக்கலாம். வரவில்லை. வீம்பு. அத்தனை ஒலிகளையும் எடுத்துவிட்டு, வெளிநாட்டுக் கடையில் விலைக்கு வாங்கிய ஒலிகளைப் போட்டுப் புதிய பதிப்பை வெளியிட்டான். 'இனி எல்லாம் ஸ்டூடியோ தரம்' என்று அறிவிப்பு.

கண்ணுள்ளவன் செய்திருந்தால் மன்னிக்கலாம். காதை வைத்தே வாழ்கிறவன் செய்த தவறு இது. கடையிலிருந்து ஒரே ஒரு இருமல் வாங்கி எல்லோருக்கும் மாட்டிவிட்டிருந்தான். மேசையில் யார் இருமினாலும் அதே ஆள் இருமினான், தொண்டையில் கோளாறில்லாத, கூலிக்கு இருமுகிற ஆள். கூட்டாளி சாடை காட்டினானா, எதிராளி காட்டினானா என்று யாருக்கும் புரியவில்லை. நாற்காலிகள் எல்லாம் ஒரே நாற்காலி. கதவு ஏதோ கோட்டையின் கதவு, முனகிக்கொண்டே மூடியது.

"இது என்னடா, கதவா கல்லறையா?" என்றாள் மிர்தா. "எல்லாருக்கும் ஒரே இருமல். ஆஸ்பத்திரி வார்டுல சீட்டாடற மாதிரி இருக்கு."

இதற்கிடையில் தெல்மா பழைய கணினியைத் துணி மூட்டையிலிருந்து எடுத்திருந்தாள். ஃபாகுந்தோ கையைத் திறந்து கொடுத்த காலத்தில் அனுப்பிய கடைசி மூலநிரல் அதில் இருந்தது. பழசு, ஓட்டை. இன்றைய கணினியின் குரலோடு பேசவே மறுத்தது. ஒராசியோ ஒருபக்கம், அவள் ஒருபக்கம் என்று பிடித்து இழுத்து அதைப் பேச வைத்தார்கள். அவரவர் ஒலிகளைத் திரும்ப மாட்டி, நேரக் கட்டுப்பாட்டை அந்தந்த மேசையின் கையில் விட்டாள், வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம், வேண்டாமென்றால் இல்லை. கதவு அறைய வேண்டுமானால் மற்ற மூவரும் சேர்ந்து சொல்ல வேண்டும். மேலே ஒரு நிபந்தனையும் எழுதினாள். எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், ஆனால் மாற்றியதை மற்றவர்களுக்கும் திறந்து கொடுக்க வேண்டும், மாற்றிவிட்டு மூடக் கூடாது.

தெல்மா என் உழைப்பைத் திருடிவிட்டாள் என்று ஃபாகுந்தோ குழுவில் எழுதினான். அவள் ஒரே ஒருமுறை பதில் எழுதினாள்: "நீ கொடுத்ததைத்தான் வைத்திருந்தேன். கொடுத்தவர்கள் பெயரெல்லாம் மேலே இருக்கிறது, முதல் பெயர் உன்னுடையது. வந்து கேட்டுப் பார்." அவன் வரவில்லை. அவனிடம் ஆடியவர்களில் பாதிப்பேர் அங்கேயே தங்கினார்கள், அவசரக்காரர்களுக்கு அது வசதி. அதில் தெல்மாவுக்கு வருத்தமில்லை. சான்றிதழ் கேட்டதற்கு மட்டும் அவன் இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை, அவளும் அதை மறக்கவில்லை.

எவாரிஸ்தோவை மறுபடி உட்கார வைப்பது நிரலைவிடக் கஷ்டமாக இருந்தது. சுலேமா ஹெட்போனை எடுத்து வந்தாலே முகத்தைத் திருப்பினார். கடைசியில் தெல்மா தொலைபேசியை அவர் காதில் வைக்கச் சொன்னாள்.

"எவாரிஸ்தோ, உன் பரிதாபத்துக்காகக் கூப்பிடலை. கூட்டாளி இல்லாம மிர்தாகிட்ட தினம் தோத்துட்டிருக்கேன். அவ வாயைக் கேட்டுட்டு எத்தனை நாள் நான் சும்மா இருக்கறது?"

வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. தெல்மா காத்திருந்தாள். பிறகு, "போ...டு" என்றார்.

அந்த மதியம் ஆட்டம் இழுத்துக்கொண்டே போனது. எவாரிஸ்தோவின் முறை வரும்போதெல்லாம் ஒரு நீண்ட மௌனம். மிர்தாவால் மௌனத்தைத் தாங்க முடியாது.

"என்ன கிழவா, சீட்டு முளைச்சு வரட்டும்னு தண்ணி ஊத்திட்டிருக்கியா?"

எவாரிஸ்தோவின் பதில் மெதுவாக வந்தது: "உனக்கு... என்ன... அவசரம்? சாகவா... போறே?"

குண்டன் ஒராசியோ சிரித்துச் சிரித்து உண்மையாகவே இருமினான்.

கடைசிச் சுற்று. எந்தப் பக்கம் எடுத்தாலும் ஆட்டம் முடியும். தெல்மாவிடம் ஒன்றும் தேறவில்லை. எவாரிஸ்தோவிடமிருந்து சாடை எதுவும் வரவில்லை. அவர் முறை வந்தது. மௌனம். மிர்தாகூடப் பேசுவதை நிறுத்திவிட்டாள். வழக்கமான மௌனத்தைவிட இது நீண்டுகொண்டே போனது. பழைய மேசையாக இருந்திருந்தால் நிரல் எப்போதோ அவர் கையிலிருந்து சீட்டைப் பிடுங்கிப் போட்டிருக்கும்.

"ட்ரூ...கோ."

"வெச்சிருக்கான்," என்று முணுமுணுத்தாள் மிர்தா. "ஒராசியோ, வெச்சிருக்கானா?"

"எனக்கு எப்படித் தெரியும்? நல்ல சீட்டுக்கும் அவ்வளவு நேரம்தான், கெட்ட சீட்டுக்கும் அவ்வளவு நேரம்தான். அவன் மௌனத்துல ஒண்ணும் கேக்கலை."

"வேண்டாம். நான் வரலை. ஓடறேன்."

ஆட்டம் முடிந்தது. நிரல் எல்லோர் சீட்டையும் படித்துச் சொன்னது. மிர்தாவிடம் தடி ஏஸ் இருந்தது. அதை வெல்லக்கூடிய சீட்டு ஆட்டத்திலேயே ஒன்றுதான் உண்டு. எவாரிஸ்தோவின் கையில் ஒரு நாலு. ட்ரூகோவில் நாலுக்குக் கீழே சீட்டு கிடையாது.

"அயோக்கியா!" என்று கத்தினாள் மிர்தா. "நோயை வெச்சு ஏமாத்தறான்! தெல்மா, இதுக்கு நேரக் கட்டுப்பாடு வை! இப்பவே வை!"

"சோர்ஸ் உன்கிட்டயும்தான் இருக்கு. நீயே மாத்திக்கோ."

"எனக்கு எங்கடி அதெல்லாம் தெரியும்?"

"கத்துக்கோ."

"அது வரைக்கும்?"

ரெசிஸ்தென்சியா பக்கம் மாத்தேயின் அடியை உறிஞ்சும் சத்தம் கேட்டது. சாடை இல்லை, நிஜமான மாத்தே. சுலேமா ஏதோ சொல்வதும், கிண்ணத்தில் கரண்டி இடிப்பதும் கேட்டது. எல்லோரும் காத்திருந்தார்கள்.

"கலை...ச்சுப்... போடு," என்றார் எவாரிஸ்தோ.